அமெரிக்க அப்பாவும் கொட்டாங்கச்சிக் கரியும்

கறுப்பாகப் பிறந்தவனுக்கு வாழ்க்கையில் ஆலோசகர்களுக்குப் பஞ்சமே வராது. கடலை மாவு பூசச் சொல்பவர், பப்பாளியைத் தேய்க்கச் சொல்பவர், காபி குடிக்காதே என்பவர் (குடித்தால் கறுத்துவிடுமாம், இனிமேல் கறுக்க என்னிடம் எங்கே இடம் பாக்கி?) என்று ஊரே கூடி என் தோலில் வைத்தியம் பழகியது. "வெயில்ல அலையாதே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். வளர்ந்ததும் ஷார்ஜாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஏ.சி. விற்கும் கம்பெனி ஒன்றில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரஸருக்கும் கண்டென்ஸருக்கும் நடுவே குப்பை கொட்டியவனுக்கு ஒரே ஆசை, ஷோரூமுக்குப் போக வேண்டும். டை கட்டிக்கொண்டு வாடிக்கையாளரிடம் இங்கிலீஷ் பேச வேண்டும். நிர்வாக மேலாளர் ராமநாதன் சாரிடம் வருடம் தவறாமல் கேட்பேன். அவரும் வருடம் தவறாமல் ஒரே பதில் சொல்வார்.

"உங்க வேலையில குறையே இல்ல ஜமால். ஆனா ஷோரூமுக்குன்னு ஒரு பெர்சனாலிட்டி வேணும் பாருங்க."

பெர்சனாலிட்டி என்றால் என்ன என்று ஷோரூமில் உட்கார்ந்திருந்த நான்கு பேரைப் பார்த்தாலே தெரியும். நால்வரும் நல்ல சிவப்பு. அதில் ஒருவருக்கு இங்கிலீஷ் வராது. புன்னகைப்பார், அது போதுமானதாக இருந்தது.

இந்த நிலையில்தான் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் இருந்த எங்கள் ஃப்ளாட்டுக்கு ஒரு டி.வி. வந்தது. டி.வி.க்குள் ஓர் அமெரிக்கக் குடும்பமும் வந்தது.

அந்த வருடங்களில் துபாயின் ஆங்கில சேனலில் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பத் தொடர்கள் ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றைத்தான் நானும் என் மனைவி மைமூனும் வாரம் தவறாமல் பார்த்தோம். அப்பா தபால் ஆபீஸ் அதிகாரி, அம்மா பள்ளிக்கூட டீச்சர், அடங்காத பிள்ளைகள் மூன்று பேர். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பையன் பொய் சொல்வான். அப்பா கண்டுபிடிப்பார். உடனே திட்டமாட்டார். சோபாவில் சாய்ந்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, பேசாமல் பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே பையன் உண்மையைக் கக்கிவிடுவான். பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். மைமூனுக்கு அப்போது இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனாலும் அந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடுவாள்.

அப்பாவாக நடித்த அந்த நடிகர் மேல் எனக்கு வந்தது சாதாரண அபிமானம் இல்லை, பக்தி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் படங்களில் என் நிறத்துக்காரன் ஒன்று வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நிற்பான், இல்லை கதாநாயகனிடம் உதை வாங்கிச் சிரிப்பு மூட்டுவான். இங்கேயோ என் நிறத்தில் ஒரு மனிதர் டை கட்டிக்கொண்டு வேலையிலிருந்து வீடு திரும்புகிறார். மனைவி அவரைக் கொஞ்சுகிறாள். அவர் சொல்லும் நகைச்சுவைக்கு உலகம் சிரிக்கிறது, அவரைப் பார்த்து அல்ல. முதல் தடவை பார்த்தபோது நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதன்பின் கண்ணாடி முன்னால் நின்று ஒற்றைப் புருவம் தூக்கப் பழகினேன். (இரண்டு புருவமும் சேர்ந்துதான் மேலே போயின. மகள் நிலோஃபர் "வாப்பாவுக்கு என்ன ஷாக் அடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.)

அந்த வருடம் கம்பெனி ஆண்டு விழாவுக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. எங்களுக்கு ஏ.சி. அனுப்பும் நிறுவனத்தின் பயிற்சித் தலைவர், பெயர் டோரத்தி. ஷோரூமுக்குப் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருவதும் அவர் வேலை. கேட்டதும் என் ஷோரூம் ஆசை மறுபடி கொதிக்க ஆரம்பித்தது.

விழாக் கமிட்டியின் தலைவர் ராமநாதன் சார்தான். "வழக்கம்போல மீனவர் டான்ஸ் வேணாம். அமெரிக்கன் மேடம் வர்றாங்க, ஒரு அமெரிக்கன் ஐட்டம் வேணும்" என்றார். நான் கையைத் தூக்கினேன். அந்தக் குடும்பத் தொடர் பாணியில் இருபது நிமிட நாடகம். எழுத்தும் நானே, அப்பா வேடமும் நானே. கமிட்டி என்னை மேலும் கீழும் பார்த்தது. "கரெக்ட்டா இருக்கும்" என்றது. என் நிறம் ஒரு தகுதியானது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

மேக்கப்புக்கும் ஒலிக்கும் பாலு பொறுப்பேற்றான். ஏ.சி. காற்று போகும் தகரக் குழாய் செய்கிற டக்ட் பட்டறையில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரன். ஊர்த் திருவிழா நாடகங்களில் வேடம் கட்டிப் பழகியவன். டி.வி.யில் கேட்கும் சிரிப்புச் சத்தம் நாடகத்துக்கும் வேண்டும் என்றேன். லேபர் கேம்ப்பில் ஆட்களை உட்கார வைத்து, ஜோக் சொல்லிச் சிரிக்கவைத்து, கேசட்டில் பதிவு பண்ணிக்கொண்டு வந்தான். சிரிப்பு அருமையாக வந்திருந்தது. நடுவில் மட்டும் யாரோ "டேய், கால மிதிக்காதடா" என்று கத்துவது விழுந்திருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

விழா நாள். மே மாதக் கடைசி. வெளியே காற்று அடுப்பு வாய் மாதிரி இருந்தது. மேடைக்குப் பின்னால் பாலு ஒரு கிண்ணத்தோடு வந்தான். உள்ளே தேங்காய் எண்ணெயில் குழைத்த கொட்டாங்கச்சிக் கரி.

"எதுக்கு பாலு இது?"

"மேக்கப்புண்ணே."

"நான்தான் ஏற்கெனவே கருப்பா இருக்கேனே."

பாலு என்னைத் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "இது ஊட்டுக் கருப்புண்ணே. ஸ்டேஜுக்குப் பத்தாது. லைட்டு அடிச்சா வெளுத்துருவீக. எங்கூருல காளி வேசம் போடுற ஆளு ஒங்களவிடக் கருப்பு, அவருக்கே நாந்தேன் பூசிவிடுவேன்."

நான் அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. 'வெளுத்துருவீக' என்று ஒருவன் என்னைப் பார்த்துச் சொன்னதில் கிறங்கிப்போய்விட்டேன். நெற்றியிலிருந்து கழுத்து வரை, பிறகு இரண்டு கைகள். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரு பல்வரிசையும் மட்டும் தெரிந்தன. கலைக்காக என்று நினைத்துக்கொண்டேன். அந்த நடிகருக்கு நான் செய்யும் மரியாதை என்றும் நினைத்தேன். மரியாதையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

அப்போது ராமநாதன் சார் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார்.

"யோவ் ஜமால்! மேடம் வந்துட்டாங்க. அவங்க வெள்ளை இல்லய்யா! கருப்பு அமெரிக்கன்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு சார். நாடகமே அவங்களுக்கு ஒரு மரியாதைதானே?"

அவர் அப்போதுதான் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "ஐயோ" என்றார். அவ்வளவுதான், திரும்பி ஓடிவிட்டார்.

திரையை விலக்கிப் பார்த்தேன். முன் வரிசையில் யானைத் தந்த நிறத்தில், புடவை மாதிரி நீண்ட உடுப்பில் டோரத்தி மேடம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கறுப்பு அமெரிக்கர் என்னைவிட மூன்று மடங்கு சிவப்பு. எங்கள் ஊரில் அவரை 'மாநிறம்' என்றுகூடச் சொல்லமாட்டார்கள். பெண் கேட்டு வரிசையில் நிற்பார்கள். கரியைத் துடைக்கலாம் என்று துண்டை எடுத்தேன். எண்ணெயில் குழைத்தது எளிதில் போகுமா? துண்டுதான் கறுத்தது. அதற்குள் திரை தூக்கிவிட்டார்கள்.

மேடையில் ராமநாதன் சார் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய சந்தன நிற சோபா. நான் டையோடு நுழைந்து அதில் சாய்ந்தேன். எதிரே என் மகனாக நடித்த கணக்குப் பிரிவுப் பையன், மார்க் ஷீட்டில் பொய்க் கையெழுத்துப் போட்டதை மறைத்துக்கொண்டு நின்றான். இனி என் கட்டம். நான் பேசாமல் புருவத்தைத் தூக்க வேண்டும்.

அந்த ஹாலில் எங்கள் கம்பெனியின் பெரிய ஏ.சி. இயந்திரங்கள் நான்கு ஓடின. நாங்கள் விற்பதுதான் என்பதால் குறை சொல்லக்கூடாது. ஆனால் லாரி ஏறுவது போல இரையும். அந்த இரைச்சலில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் பேசவே கத்த வேண்டும். மைமூனும் அப்படித்தான் பக்கத்தில் இருந்த ராமநாதன் சார் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். நான் புருவத்தைத் தூக்கிய அந்த நொடியில், வாடகை விளக்குகளின் பாரம் தாங்காமல் கரண்ட் போனது. நான்கு ஏ.சி.யும் ஒன்றாக மூச்சை நிறுத்தின. கும்மிருட்டு. ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். அதில் என் மனைவியின் குரல் மட்டும் கணீரென்று முழங்கியது.

"கருப்புக்கு மேல எதுக்கு இந்த மனுசன் கருப்பப் பூசிக்கிட்டு நிக்கிறாரு? வீட்டுல இருந்தபடியே வந்திருந்தாப் பத்தாதா?"

பாலுவின் டேப் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடுவது. நிசப்தம் வந்தால் பட்டனை அமுக்கு என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அமுக்கினான். இருட்டுக்குள் லேபர் கேம்ப் முழுவதும் வெடித்துச் சிரித்தது. "டேய், கால மிதிக்காதடா" என்றது. மறுபடி சிரித்தது.

அதன்பின் ஹால் தாங்கவில்லை. முந்நூறு பேர் நிஜமாகவே சிரித்தார்கள். "ஏக் மினிட் பாய், ஏக் மினிட்!" என்று எலக்ட்ரீஷியன் கத்துவது அந்தச் சிரிப்பில் மூழ்கிப்போனது.

விளக்குகள் வந்தன. ஏ.சி. வரவில்லை. (ஏ.சி. கம்பெனியின் ஆண்டு விழாவில் ஏ.சி. வராததைப் பற்றி மறுநாள் போட்டிக் கம்பெனிக்காரர்கள் போன் போட்டு விசாரித்தார்கள்.) நான் புருவத்தைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வசனம் மறந்துபோயிருந்தது. வேர்வை ஊற்றியது. கரி முதலில் சட்டைக் காலருக்கு வந்தது, அங்கிருந்து டைக்குப் போனது, பிறகு சோபாவுக்கு. முகத்தைத் துடைத்தேன், முழுசாகத் துடைத்தேன். துடைத்ததற்கும் துடைக்காததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைச் சபையே பார்த்தது. எப்படியோ மகனைக் கட்டிப்பிடித்து நாடகத்தை முடித்தேன். பையனின் வெள்ளைச் சட்டையில் என் இரண்டு கைகளும் அப்படியே பதிந்திருந்தன.

பரிசு கொடுக்க டோரத்தி மேடம் மேடைக்கு வந்தார். கை நீட்டினார். நான் மறந்துபோய்க் குலுக்கிவிட்டேன். அவர் உள்ளங்கை கறுத்தது. பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தேன். மணிக்கட்டும் கறுத்தது.

"இருட்டில் ஒரு பெண்மணி பேசினாரே, எல்லாரும் சிரித்தார்களே, என்ன சொன்னார்?" என்று ராமநாதன் சாரைக் கேட்டார்.

"மேக்கப் பிரமாதம்னு பாராட்டினாங்க மேடம்" என்றார் அவர் இங்கிலீஷில், கண்ணைச் சிமிட்டாமல்.

மேடம் என் பக்கம் திரும்பினார். பிறகு நான் சாய்ந்திருந்த சோபாவில் அப்படியே பதிந்திருந்த என் கரி வடிவத்தைப் பார்த்தார். எனக்கு அதற்குமேல் பொய்யைத் தாங்கும் சக்தி இல்லை. "அவள் என் மனைவி, மேடம்" என்று மைமூன் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன்.

அவர் சிரித்தார். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தொடரில் வரும் அம்மாவைப் போலவே சிரித்தார். சிரித்து முடித்ததும் மைக்கை விட்டுத் தள்ளி வந்து மெதுவாகப் பேசினார்.

"என் தாத்தா மேடை நடிகர். ஊர் ஊராகப் போய்ச் சிரிக்கவைத்தவர். உங்கள் நிறம்தான் இருப்பார். ஆனாலும் அந்தக் காலத்து முதலாளிகள் பாட்டில் மூடும் கார்க்கைச் சுட்டுக் கரியாக்கி, அவர் முகத்தில் பூசவைத்துத்தான் மேடை ஏற்றினார்கள். நிஜக் கறுப்பன் அவர்களுக்குப் போதுமான கறுப்பாக இல்லையாம். பூசாவிட்டால் வேலை இல்லை." கறுத்திருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அவரைக் கட்டாயப்படுத்தினார்கள். உங்களை யார் கட்டாயப்படுத்தியது?"

நான் பாலுவைப் பார்த்தேன். பாலு டேப் ரிக்கார்டரைப் பார்த்தான்.

"யாரும் இல்லை மேடம்" என்றேன். "அந்தத் தொடரில் வரும் அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"அது தெரிந்தது" என்றார். "அந்த மௌனத்தில் தெரிந்தது. எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தீர்கள்! நல்ல நடிகனுக்குத்தான் அது வரும்." வசனம் மறந்துபோனதை நான் சொல்லவில்லை. "கம்பெனியில் என்ன வேலை உங்களுக்கு? ஷோரூமா?"

"ஸ்டோர், மேடம்."

"ஏன்?"

நான் ராமநாதன் சாரைப் பார்த்தேன். அவர் தன் சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்போது பார்த்தேன், ஒற்றைப் புருவம் மட்டும் தூக்குவது எப்படி என்பதை. ராமநாதன் சார் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "நெக்ஸ்ட் மன்த்ல இருந்து ஷோரூம்தான் மேடம், ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு" என்று உளறிவிட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். ஷோரூமில் எனக்குத் தந்தது புகார் கவுண்டர். ஏ.சி. ஓடவில்லை என்று கொதித்து வருகிறவர்கள் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமாம். பதினோரு வருடம் அதில் உட்கார்ந்தேன். டை கட்டிக்கொண்டுதான்.

மைமூனின் வசனம் எங்கள் வீட்டில் பழமொழியாகிவிட்டது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பு கேட்டால், குளித்துவிட்டு வந்து மறுபடி கை கழுவினால், "கருப்புக்கு மேல கருப்பா?" என்பார்கள். மருமகன்வரை எல்லாருக்கும் மனப்பாடம். நிலோஃபர் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய வந்த பெண் என் நிறத்தையும் அவள் நிறத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஷேடு தூக்கி அடிச்சிடலாம் மேடம், போட்டோவுல சும்மா ஜொலிப்பீங்க" என்று பெட்டியைத் திறந்தாள். நிலோஃபர் பெட்டியை மூடினாள்.

"எங்க குடும்பத்துல பூச வேண்டியதெல்லாம் எங்க வாப்பாவே மொத்தமாப் பூசி முடிச்சிட்டாரு" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. மைமூன் உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தாள். நிக்காஹ் முக்கால் மணி நேரம் தாமதமானது அதனால்தான்.