மனையில் இல்லாத குளம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமென்றால் இதை உட்கார்ந்து படிக்கவும்.

என் பேச்சை நம்பி, அங்கே வாங்கவிருந்த வீட்டை வெள்ளிக்கிழமை விட்டுக்கொடுக்கப் போகிறீர்களாமே, வேண்டாம், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் மனையில் கட்டவிருந்த எட்டு பிளாட்டில் உங்களுக்கென்று ஒதுக்கிய முதல் மாடி ஆகாயத்திலேயே நிற்கிறது. எல்லாம் எதிர் மனைக்காரரான பல் டாக்டரின் வேலை. பிளாட் விற்க நானே ஒரு நோட்டீஸ் எழுதினேன். கை சும்மா இருக்காமல் 'தாமரைக் குளக்கரையில் கனவு இல்லம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். வருகிறவர்கள் குளத்தைக் கேட்பார்களே என்று நடுமனையில் குழி வெட்டி இரண்டு லாரி தண்ணீரும் விட்டேன். டாக்டர் அந்த நோட்டீஸைச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து ஓர் அதிகாரியம்மா அளக்கும் டேப்போடு வந்து இறங்கினார். நீர்நிலையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளித்தான் கட்ட வேண்டுமாம். நம் மனையின் அகலமே இருபத்திரண்டு. குளமே கிடையாது, சும்மா எழுதினேன் என்று கும்பிட்டேன்.

"அப்ப இல்லாத குளத்தைக் காட்டி ஜனங்களை ஏமாத்தியிருக்கீங்க. அது வேற சட்டம், வேற ஆபீஸ். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க சார்."

ஜெயிலுக்குப் பயந்து குளம்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாளே மண்ணடித்து மூடப் பார்த்தேன். அனுமதியில்லாமல் நீர்நிலையை மூடினால் அது மூன்றாவது சட்டம் என்று லாரிக்காரரே சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார். அதற்குள் தவளைகள் குடும்பத்தோடு குடியேறிவிட்டன. வாளியில் அள்ளி அடுத்த தெருவில் விட்டு வந்தால் எனக்கு முன்னால் வீடு வந்து சேர்கின்றன. போன வாரம் பலகையும் நட்டாயிற்று: பாதுகாக்கப்பட்ட நீர்நிலை, பராமரிப்பு நில உரிமையாளர் பொறுப்பு.

"பொண்ணுக்கு வீடு கட்டச் சொன்னா தவளைக்குக் கட்டியிருக்கீங்க" என்றதோடு சரி, உங்கள் அத்தை என்னோடு பேசுவதில்லை. உங்கள் கையைப் பிடித்துக் கொடுத்த வாக்கு போயிற்றே என்று எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. இனி ஆயுளுக்கும் நோட்டீஸ் எழுத மாட்டேன். அந்த டாக்டர் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

நீங்கள் இருவரும் எந்தச் சட்டத்திலும் சிக்காமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: அங்கே வாங்கவிருந்த அந்த வீட்டை விட்டுக்கொடுத்துவிடுங்கள். டாக்டர் இப்போதுதான் வந்துபோனார், தங்கமான மனிதர். அவர் மனை நம் குளத்திலிருந்து சரியாக முப்பத்தொரு மீட்டராம், பிளாட் கட்ட அனுமதி வாங்கிவிட்டார். குளம் பார்த்த முதல் மாடியை உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். நோட்டீஸ் மட்டும் நான் எழுதித் தர வேண்டுமாம். இந்த முறை பொய்க்கே வேலையில்லை, குளம் நிஜமாகவே இருக்கிறது. பக்கத்தில் ஓர் அருவி மட்டும் சேர்த்திருக்கிறேன்.