ஐந்து ஜன்னல்கள் காணாமற்போன படலம்

சொல்லே! ஒருவர் வாயில் ஒரு பொருளும் அடுத்தவர் காதில் வேறு பொருளுமாக நின்று ஊரை இரண்டாக்கும் சொல்லே! இந்தக் கதை முடியும்வரையாவது நேராக நில். நான் பாடப்புகுவது மாடியறைத் தலைவியை: இடுப்பில் சாவிக்கொத்து முழங்க, வலக்கையில் துடைப்பமும் இடக்கையில் தலையணையுறையும் ஏந்தி, விருந்தினர் படியிறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அறையைப் புத்தறையாக்கும் பெருந்திறலாளை, கூரியர் அலுவலக வேலையை உதறிவிட்டு, கீழே தான் குடியிருந்துகொண்டு மாடியை விடுமுறைப் பயணிகளுக்கு விட்டு, மூன்றாண்டுப் போரில் நூற்றுப் பதினேழு முறை ஐந்து நட்சத்திரம் கவர்ந்தவளை. வாழி அவள் சாவிக்கொத்து! வாழி அவள் சோப்புத்தூள்!

அத்தலைவிக்கு வாய்த்த துணைவனும் இளைத்தவன் அல்லன். அச்சகத்தில் பிழை திருத்துபவன்; ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் போனால் அன்று அவனுக்குச் சோறு இறங்காது. மாடியறையை வாடகை இணையதளத்தில் ஏற்றியபோது விளம்பரம் எழுதும் பொறுப்பு அவன் தோளில் விழுந்தது. ‘சாளரம்’ என்றுதான் எழுதினான். தலைவி ஒரு பார்வை பார்த்தாள், ‘ஜன்னல்’ ஆயிற்று. அந்தத் தோல்வியை ஈடுகட்ட, அறைக்கு நேரெதிரே ஆறு ஓடும் பெருமையை, தெற்கு பார்த்த வீடு என்பதுபோல், ‘ஆறு பார்த்த ஜன்னல்’ என்று மூன்றே சொல்லில் செதுக்கி, இதில் ஒரு புள்ளியைக் கூட்டவோ குறைக்கவோ எவராலும் இயலாதென்று மீசையைத் தடவிக்கொண்டான். வினை அங்கேதான் தொடங்கியது.

வேற்றுமொழி பேசும் நாடொன்றிலிருந்து, உருளைப்பெட்டி தடதடக்க, ஒரு விருந்தினர் வந்தார். தளத்தின் மொழிபெயர்ப்பு எந்திரம் அந்த விளம்பரத்தை அவர் மொழிக்கு மாற்றிக் கொடுத்திருந்தது. இரண்டு இரவு தங்கினார், நன்றாகக் குறட்டை விட்டார், அந்த ஜன்னலில் சாய்ந்து நாற்பது படம் எடுத்தார், சிரித்துக் கைகுலுக்கி விடைபெற்றார். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அதே எந்திரத்தின் தமிழில் அவர் புகார் வந்து விழுந்தது: ‘ஐந்து ஜன்னல்கள் காணவில்லை. நான் ஏமாற்றப்பட்டேன்.’ கூடவே ஒற்றை நட்சத்திரம்.

“என்னங்க, ஓடியாங்க! மாடியில ஜன்னலையெல்லாம் யாரோ பேத்துக்கிட்டுப் போயிட்டாங்களாம்!”

படிக்கட்டு அதிர, கைப்பிடிச்சுவர் நடுங்க, ஒரு கால் செருப்போடும் மறுகால் வெறுமையோடும் இருவரும் மாடியேறி, கதவை மோதித் திறந்து, நான்கு சுவரையும் நோக்கினர். இருந்த ஒரே ஜன்னல் இருந்த இடத்திலேயே இருந்தது. துணைவன் விரல்விட்டு எண்ணினான்: இருப்பது ஒன்று, காணாதது ஐந்து, ஆகமொத்தம்... அவன் முகம் சுண்ணாம்பாயிற்று. எந்திரம் ஆற்றை அறியாது; எண்ணைத்தான் அறியும். தண்ணீர் ஓடும் ஆற்றை, ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே உட்கார வைத்துவிட்டது.

அதற்குள் தளப்பேரரசின் ஆணை பிறந்தது. “விவரத்தில் பொய்யுரைத்த வீட்டாரே, அறிக! வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் தக்க விளக்கம் தராவிடில் உங்கள் பக்கம் அறுபது நாள் மூடப்படும்!” அந்த அறுபது நாள்தான் பள்ளி விடுமுறைக் காலம். பதினான்கு குடும்பங்கள் முன்பதிவு செய்திருந்தன. அத்தனையும் கலைந்தால் தலைவி மறுபடி கூரியர் அலுவலகத்துக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலத்தின் மேல் முத்திரை குத்த வேண்டியதுதான். 

புதனன்று முதற்போர். “நாங்க சொன்னது அந்த ஆறு இல்லைங்க, இந்த ஆறு” என்னும் கூர்வாளை அவள் உருவி அனுப்பினாள். அதையும் அதே எந்திரத்தின் வழியே படித்த தளம் மறுமொழிந்தது: “எண்ணை இருமுறை உறுதி செய்தமைக்கு நன்றி.”

தளர்ந்தாளோ? தளர்ந்திலள். “எண் இல்லை. தண்ணீர் ஓடுகிற ஆறு” என்று அடுத்த கணையைத் தொடுத்தாள். தளம் வருந்தியது, வருந்தியவாறே முழங்கியது: “ஆறு இடங்களில் தண்ணீர் ஓடுவதை அறிந்தோம். நீர்க்கசிவு, பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவாகிறது!”

வியாழனன்று, சொல்லை நம்பிப் பயனில்லை என்று கண்டு, ஜன்னல் கண்ணாடியைக் காகிதத்தால் தேய்த்து, தான் தைத்த திரைச்சீலையை விலக்கிக் கட்டி, அகன்று கிடந்த ஆற்றை அந்தச் சட்டத்துக்குள் அடக்கிப் படமெடுத்து அனுப்பினாள். அந்தப் படத்தைப் பார்த்தால் கல்லும் ‘அட, ஆறு!’ என்று சொல்லும். தளம் சொன்னது: “படத்தை ஆராய்ந்தோம். ஜன்னல் ஒன்றே உள்ளது. விருந்தினர் கூற்று மெய்.”

“நதின்னு போட்டுத் தொலைக்கிறேன்!” என்று தலைவி சீறினாள்.

“நதியா? அது வடசொல்! என் உடலில் உயிர் உள்ளவரை...” என்று துணைவன் கையை உயர்த்தி முடிப்பதற்குள் அவள் அனுப்பிவிட்டாள். சற்றுப் பொறுத்து மூன்றாம் குற்றம் வந்து இறங்கியது: “நதி என்னும் பெயருடைய, பதிவு செய்யாத நபர் ஜன்னலருகே தங்கியிருப்பது விதிமீறல்!” துணைவன் வாய்விட்டுச் சிரித்திருப்பான். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

வெள்ளி, பதினொன்றே முக்கால். பொய்யெண், நீர்க்கசிவு, நதி என்ற பெண் ஆகிய மூன்று பழியும் தலைமேல் ஏறி நிற்க, விருந்தினர் வருமுன் விரித்த கட்டிலில் தானே உட்காரக்கூடாது என்று தான் வகுத்த சட்டத்தைத் தானே மீறி, அதன் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். உண்மையாகவே அழுதாள். மூன்று வருஷம் ஒரு தலைமுடி விடாமல் பொறுக்கியவளை, ஒரு எந்திரம் பொய்க்காரி என்றது. துணைவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே போய் இரண்டு டம்ளரில் டீ போட்டுக் கொண்டுவந்து ஜன்னல்மேடையில் வைத்தான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் உதவி எண்ணுக்குக் கடைசியாக ஒருமுறை அழைத்தாள். பதிவு செய்த தேன்குரல் பட்டியல் வாசித்தது. “...மேல்முறையீட்டுக்கு ஆறை அழுத்தவும்.”

அவள் அழுகை நின்றது.

“என்னங்க, அவ ‘ஆறை’ங்கிறா.”

“ஆமா, எண் ஆறு. அப்படித்தான் சொல்லணும்.”

“நம்ம ஆறா இருந்தா ‘ஆத்தை’ன்னுல்ல சொல்லுவோம்! ஆத்தைப் பாத்தேன், ஆத்தைத் தாண்டினேன்... எழுதுனா ஆற்றையா? அப்ப ஆற்றைப் பார்த்த ஜன்னல்னு எழுதியிருந்தா இந்த வம்பே இல்லையேங்க!”

பிறர் எழுத்தில் ஈ மொய்த்ததுபோல் சிவப்புப் புள்ளி வைத்தே வாழ்ந்தவன், முப்பதாயிரம் பக்கங்களில் விடுபட்ட உருபுகளைத் தேடிப்பிடித்து ஒட்டியவன், தன் மூன்றே சொல்லில் ஒன்றைக் கோட்டைவிட்டதைக் கண்டு தூணில் சாய்ந்தான். “தெற்கு பார்த்த வீடுன்னா... உருபு மறைஞ்சு நிக்கலாம்... இலக்கணம் இடம் கொடுக்குது...” என்று முனகினான். பிறகு நெஞ்சில் கைவைத்து முழங்கினான்: “ஒப்புக்கொள்கிறேன்! ஓர் ஐகாரத்தை நான் விழுங்கினேன்! பிழை என்னுடையது!”

“சரி சரி, எழுத்து சரியா இருக்கான்னு பாருங்க, மணியாகுது.”

அவள் ஆறை அழுத்தினாள். கடைசி விளக்கத்துக்கான கட்டம் திரையில் திறந்தது. ‘ஆற்றைப் பார்த்த ஒரு ஜன்னல்.’ நடுவில் அந்த ‘ப்’ மிகுந்ததை அவன் இருமுறை சரிபார்த்துத் தலையசைத்தான். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள். இருவரும் தோளோடு தோள் சேர்த்துத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றனர்.

பன்னிரண்டு ஐந்துக்கு, மொழிபெயர்ப்பு எந்திரம் தன் இரும்பு வயிற்றில் அந்த ஓர் உருபைச் செரித்து, மூன்று பழியும் பனிபோல் விலக, பதினான்கு குடும்பங்களின் முன்பதிவும் நிலைபெற, ஒற்றை நட்சத்திரம் மட்டும் விருந்தினரின் உணர்வு என்பதால் நீக்கவியலாது என்று தளப்பேரரசு கைவிரித்துக்கொண்டே பக்கத்தைத் திறந்துவிட, மாடியறைத் தலைவி சாவிக்கொத்து அதிர ஒருமுறை குதித்து, கணவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்து, சிரித்து, மறுபடி கொஞ்சம் அழுது, கலைந்த படுக்கை விளிம்பை நீவிச் சரிசெய்து, வென்ற வீராங்கனை வாகை சூடுவதுபோல் முந்தானையால் முகம் துடைத்து, திசையெட்டும் நோக்கி நிமிர்ந்து நின்று, ஜன்னல்மேடைக்குக் கை நீட்டினாள்.

டீ ஆறிப்போயிருந்தது.