பட்டாளத்தாரின் கோழிப் பந்தி

அந்தக் காலத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைவிட நன்றாகச் சாப்பிட்டவர்கள் பதினொரு பேர். பதினொன்றும் பட்டாளத்தாருடைய கோழிகள். கலெக்டர் துரை கேம்ப் வந்தால்கூட அப்படி ஒரு சாப்பாடு நடக்காது என்று அடித்துச் சொல்வேன்.

பட்டாளத்தார் என்றதும் துப்பாக்கி பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் உலக யுத்தத்தில் கடல் தாண்டி பாஸ்ரா வரைக்கும் போய்க் கரண்டி பிடித்தவர். நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்குப் பொங்கிப்போட்ட மனுஷர் ஊர் திரும்பியபோது, பொங்கிப்போட வீட்டில் ஒரு ஆள் இல்லை. சம்சாரம் போய்ச் சேர்ந்திருந்தாள். பிள்ளைகுட்டியும் கிடையாது. கை சும்மா இருக்குமா? கோழி வாங்கினார்.

மற்றவர்கள் கோழிக்குத் தவிட்டை விசிறுவார்கள். இவர் சமைத்தார். ஒருநாள் முருங்கைக்கீரையும் குருணையும், மறுநாள் பூசணிக்காய் விதையோடு, வெயில் காலத்தில் நீளவாக்கில் பிளந்த வெள்ளரிக்காய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஸ்பெஷல். பால்கோவாக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த சட்டிச் சுரண்டலை ஆளுக்கு ஒரு சுண்டைக்காய் அளவு வைப்பார். தட்டில் கரண்டியால் தட்டினால் பதினொன்றும் ஓடிவரும். சேவலுக்குச் சுபேதார் பட்டம். கோழிகளில் சிலதுக்கு நாயக் பதவி. புள்ளிபோட்ட ஒரு கோழிக்கு மட்டும் மேம்சாப் என்று பெயர்.

"ஏட்டி, நேத்துத்தான ஒன்னைய நாயக் ஆக்குனேன்? அதுக்குள்ள என்ன முண்டியடிக்கே?" என்று காலையில் சத்தம் வந்தால் எங்கள் தெருவுக்கு மணி ஏழு.

பந்திக்குச் சரக்கு வேண்டுமே! கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்து காய்கறித் தோல் வாங்குவார். வாங்கினோம், போனோம் என்று கிடையாது. வாசலிலேயே கிளறிப் பார்ப்பார். "தாயி, வெங்காயத் தோலப் போடாதிய, புள்ளைகளுக்கு ஆகாது." "இந்தக் கத்தரிக்காயில காம்போட பாதிக் காயும் வந்துருச்சே, கவனிக்கக் கூடாதா?" பெண்கள் அவரைக் கண்டதும் பரீட்சைப் பேப்பரைக் கொடுப்பதுபோல முறத்தை நீட்டுவார்கள்.

நான் அப்போது கோர்ட்டில் குமாஸ்தா. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். எங்கள் முதல் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் தவறிப்போயிருந்தது. என் சம்சாரம் தங்கம் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். கெஞ்சினால் இரண்டு மடக்குக் கஞ்சி, அதற்கு மேல் ஒன்றும் இறங்கவில்லை. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. இவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். நானே சமைத்தேன். ஆண்பிள்ளை சமைப்பது ஆபீசுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தேன்.

பட்டாளத்தார் கூடையில் என் சுரைக்காய்த் தோலைப் போட்டேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே குமாஸ்தா, இது தோலா, ஓடா? எம்புட்டுக் கனம்! வீட்டுல யாரு சீவுதா?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பாயில் கிடந்தவளைப் பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மேம்சாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"தாயி, இவ மூணு நாளா தீனி எடுக்க மாட்டேங்கா. பந்தியில எதுக்க ஒரு ஆளு உக்காந்து தின்னாத்தான் இவளும் கொத்துவா. நான் தின்னா மதிக்க மாட்டேங்கா. பொம்பளையாளு வேணுமாம். செத்த நேரம் பாரு தாயி, இல்லைன்னா செத்துருவா."

செத்துருவா என்ற வார்த்தைக்குத் தங்கம் திரும்பிப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து கோழியை மடியில் வாங்கிக்கொண்டாள். தயிர்சோறு பிசைந்து தரையில் வைத்தாள். மேம்சாப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கம் ஒரு பருக்கையைத் தன் வாயில் போட்டுக் காட்டினாள். கோழி அசையவில்லை. பிறகு ஒரு வாய். பிறகு இன்னொரு வாய். அரை மணி நேரம் கழித்து மேம்சாப் பெரிய மனசு பண்ணி ஒரு கொத்து கொத்தியது. அதற்குள் இவள் கைப்பிடிச் சோறு தின்றிருந்தாள். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

இப்படியே எட்டு நாள். ஒன்பதாம் நாள் காலை புறவாசலுக்குப் போனபோது, எங்கள் வீட்டுக்கும் பட்டாளத்தார் வீட்டுக்கும் நடுவே இருந்த குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பட்டாளத்தார் மேம்சாப்பை மடியில் வைத்துக் கேழ்வரகுக் களியை உருட்டி உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு உருண்டை, என் ராசாத்தி. வயித்த நல்லா ரொப்பிக்கோ. அங்கன போயி ஒடனே கொத்திராத. அந்தப் புள்ள நாலு வாய் திங்குற வரைக்கும் பொறுத்துக்கோ, என்ன?"

சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவந்து தங்கத்திடம் சொன்னேன். "கோழிக்கு ஒரு நோவும் இல்லை! அவிய வயிறு முட்ட ஊட்டிட்டுத்தான் கொண்டாராக!"

"தெரியும்" என்றாள். "மொத நாளே மடியில வாங்கையில தொட்டுப் பாத்தேன். இரைப்பை கல்லு மாதிரி இருந்துச்சு."

"பொறவு ஏன் சாப்பிட்ட?"

தங்கம் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"கோழிய விட்டுட்டு அவிய போயி சுவருக்கு அந்தாண்டதான் உக்காருவாக. ஜன்னல் வழியா எனக்குத் தெரியும். கைல தட்டு இருக்கும், தட்டுல சோறு இருக்கும். நான் ஒரு வாய் வைக்கிற வரைக்கும் அவிய கை தட்டுக்குப் போகவே போகாது. வயசான மனுசனப் பட்டினி போடச் சொல்லுதியளா?"

அன்று மத்தியானம் நான் சுவரைத் தாண்டிப் போய், அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு இழுத்துவந்தேன். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் அவருக்கு இங்கேதான் சாப்பாடு. இப்போதும் தங்கம் சில நாள் ஓர் இலை கூடுதலாகப் போட்டுவிடுகிறாள். போட்டதை எடுக்க எங்கள் இருவருக்குமே மனசு வருவதில்லை.