அன்பியத்து நாற்காலியும் எங்கள் கார் பம்பரும்

முதலில் மன்னிப்பு. எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிளஸ் டூவோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் தோள், கை, இடுப்பு என்று தையலுக்கு எடுத்த அளவுகள்தான். (அதிலும் சிலருடைய இடுப்பை மரியாதைக்காக ஓர் அங்குலம் குறைத்து எழுதுவேன். தைக்கும்போது கூட்டிக்கொள்வேன்.) பேச்சும் எனக்கு வராது. வீட்டுக்கு வந்தவரிடம் "சாயா போடட்டா?" என்று கேட்பதற்குக்கூட அடுக்களையில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். அப்படிப்பட்டவள் ஓர் ஊர்க் கூட்டத்தின் முன்னால் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நேர்ந்தது. அதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

எங்கள் வீடு புதுக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரு லீவில் வந்தபோது பழைய சிவப்புக் கார் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். நான் லைசென்ஸ் எடுத்தேன். போனில் அனுமதி கேட்டதற்கு நிபந்தனையோடு பதில் வந்தது.

"ஓட்டு. ஆனா வண்டியில ஒரு கீறல் விழுந்துதுன்னு வச்சுக்க, அன்னைக்கே சாவிய ஜஸ்டின் கையில குடுத்திரணும், கேட்டியா?"

ஜஸ்டின் என் கொழுந்தன், அடுத்த வளைவில் வீடு. கார் வந்த நாள் முதலாக மாலையில் வந்து டயரை ஓர் உதை உதைத்து, "மைனி, வண்டி சும்மா கெடந்தா பேட்டரி போவும். நான் எடுத்து ஓட்டட்டா?" என்று கேட்பான்.

நான் கொடுக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் "இறங்கணும்" என்று சத்தமாகச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவள் நான். காரில் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். தேங்காய்ப்பட்டணத்துக்கு நானே போய் மீன் வாங்கினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கப் பாடினேன். எனக்குக் குரல் உண்டு என்பதே அந்தக் காருக்குள்தான் தெரிந்தது.

அந்தக் காரை இடித்தேன். எதிரே வந்த பஸ்ஸில் இல்லை, டெம்போவில் இல்லை. எங்கள் முற்றத்தில், கிரைண்டர் வந்த பிறகு கோழி தண்ணீர் குடிக்கக் கிடந்த ஆட்டுக்கல்லில். நான் புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. ஒரு நாளும் நகர்ந்ததில்லை. முன் பம்பரின் கீழ்மூலையில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. கை வைத்தால் வாய் திறந்து மூடியது.

வீட்டுக்காரர் லீவுக்கு வர இன்னும் கொஞ்ச நாள்தான். சந்திப்பில் ஒர்க்‌ஷாப் உண்டு. ஆனால் காலையில் அங்கே நுழைந்தால் மத்தியானத்துக்குள் மஸ்கட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால் போனில் தேடினேன். ஒரு வீடியோவில் யாரோ ஒரு மனிதர், என்ன பாஷையோ, பம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை, கை செய்வது மட்டும் எல்லாம் புரிந்தது. ஏனென்றால் அவர் செய்தது தையல்.

வெடிப்பு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டார். சுடிதாரின் பக்கத் திறப்பு மேலே கிழிந்துகொண்டே போகாமலிருக்க, முடிகிற இடத்தில் நாங்கள் தையலை இரட்டிப்பதும் அதற்குத்தான். உள்பக்கம் கம்பி வலையைச் சூடு வைத்துப் பதித்தார். காலருக்குள் கேன்வாஸ் வைப்பதுதானே அது! பிறகு பம்பரின் உள்பக்கத்திலிருந்த ஏதோ எழுத்தைக் காட்டி, அதே எழுத்துள்ள பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெடிப்பில் நிரப்பினார். பருத்திக்குப் பருத்தித் துணியில் ஒட்டுப்போடுவது போல.

எனக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது. போன் கேமராவைப் பம்பருக்குள் நீட்டிப் படம் எடுத்தேன். சேற்றைத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது. பி.பி. என்று தொடங்கி, கூட்டல் குறி போட்டு வேறென்னவோ. சட்டைக் கழுத்தில் துணியின் விவரம் இருக்குமே, அந்த மாதிரி காருக்கும் உண்டு! வெடிப்போரத்தில் நகத்தளவு சுரண்டித் தம்ளர் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. இன்னொரு துணுக்கைத் தீயில் காட்டினேன். அணைந்த மெழுகுதிரியின் மணம் வந்தது. போன் மனிதரும் இதையே செய்து தலையாட்டியிருந்தார். நானும் தனியாக நின்று தலையாட்டினேன்.

அன்று வீட்டில் கவிழாத பொருள் இல்லை. குடம், வாளி, மக், புட்டுமாவு டப்பா என்று எல்லாவற்றின் அடியிலும் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் கீழே எழுத்தும் இருந்தன. இத்தனை வருஷம் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. வாளியில் இருந்தது வேறு எழுத்து. ஆனாலும் ஒரு துண்டு வெட்டி உருக்கிப் பார்த்தேன். ஆறினதும் காய்ந்த பொருக்கு மாதிரி உரிந்து வந்தது. டப்பா மூடி பி.பி.தான், ஆனால் வெள்ளை. சிவப்புக் காரில் வெள்ளைத் தழும்பு வைப்பதற்கு ஆட்டுக்கல்லைப் பம்பரில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டே போகலாம்.

இந்த நேரத்தில்தான் அன்பியத்து நாற்காலிகள் வந்து இறங்கின. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம். அதற்காகப் பொதுவில் வாங்கின பிளாஸ்டிக் நாற்காலிகள் வீடு வீடாகப் போகும். அந்த மாதம் எங்கள் முறை. வீட்டுக்காரர் வந்ததும் நன்றி ஜெபமாக நடத்தலாம் என்று ரோஸ்லின் அக்கா முன்கூட்டியே அடுக்கிவிட்டுப் போனார். அக்கா பக்கத்து வீடு, அன்பியத்துக்குப் பொறுப்பாளர். அந்த நாற்காலிகள் அவருக்குப் பெற்ற பிள்ளைகள் மாதிரி. யாராவது ஒன்றை இழுத்துப் போட்டால் அவருக்கு முழங்கால் வலிக்கும்.

நாற்காலிகள் சிவப்பு. நான் ஒன்றைக் கவிழ்த்தேன். பி.பி.

மேட்சிங் பிளவுஸ் துணி கிடைத்தவளின் சந்தோஷம் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இருக்கையின் அடிப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக வரப்பு வரப்பாக மெல்லிய பட்டைகள் ஓடின. நான் யோசித்தேன். மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இது எதற்கு? என் புத்திக்கு உடனே விடை கிடைத்தது. பின்னால் உடம்பு வைத்தால் பிரித்துக்கொள்ள உள்தையலில் கொஞ்சம் துணி கூடுதலாக விடுவோம் இல்லையா, அதுதான் இது. கம்பெனிக்காரன் தாராளமாக விட்டிருக்கிறான். வெட்டினால் என்ன?

வெட்டினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நேராக வெட்டினேன். வெடிப்பு முடிகிற இடத்தில் ஓட்டை போட்டு, வீட்டுக்காரரின் பெட்டியிலிருந்த ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைச் சூடாக்கி, ஜன்னல் வலையில் ஒரு துண்டைக் கேன்வாஸாக வைத்து, நாற்காலியைக் காருக்குள் ஊற்றினேன். புகை மதிலைத் தாண்டிப் போயிற்று.

"ஏட்டி லில்லி, என்னத்தட்டி கரிக்கிய?" என்று ரோஸ்லின் அக்காவின் குரல்.

"இஸ்திரிப்பெட்டிக்கா. பாலியஸ்டர்."

"பாத்துட்டி! ஊரே நாறுது."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு தள்ளி நின்று பார்த்தேன். மூன்றடி தூரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வெட்டின நாற்காலியைத் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து மேலே துணி மூட்டையை வைத்தேன்.

வீட்டுக்காரர் வந்தார். பெட்டியை இறக்கும் முன்பே காரைச் சுற்றி வந்தார். பம்பரின் மேல் விரலை ஓட்டி, ஒட்டின இடத்துக்கு மேலாகவே கடந்துபோனார். "கொள்ளாம். நல்லாட்டு வச்சிருக்கிய" என்றார். சாவி என் இடுப்பிலேயே இருந்தது. நான் மூச்சு விட்டேன்.

ஜெபத்தன்று வழக்கத்தைவிடக் கூட்டம். (வெளிநாட்டிலிருந்து ஆள் வந்த வீட்டில் பேரீச்சம்பழம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும்.) நாற்காலி போதவில்லை. ஜஸ்டின் உள்ளே போனான்.

"மைனிக்க வேலையப் பாருங்க. ஆளுவ நிக்குது, இஞ்ச ஒரு கசேரைக்கு மேல துணி மூட்டை இருக்கு!"

மூட்டையைத் தள்ளிவிட்டு நாற்காலியைத் தூக்கி வந்தான். "அண்ணனாக்கும் இன்னைக்கு முக்கியம். நீ இரி" என்று நடுவில் போட்டான். மூன்று வருஷத்து குபூஸ் ரொட்டியும் மந்திச் சோறும் சேர்ந்த உடம்போடு என் வீட்டுக்காரர் அதில் இறங்கினார்.

நாற்காலி தாங்கியது.

பாட்டு தொடங்கிவிட்டது. "எழும்புங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு நாக்கு எழும்பவில்லை. கண்ணைக் காட்டினேன். அவர் பார்த்தார். மறுபடியும் காட்டினேன், புருவத்தையும் சேர்த்து. மூன்று வருஷம் கழித்து வந்திருக்கிற மனிதர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். வெட்கப்பட்டுச் சிரித்து, மீசையைத் தடவிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தார். நாற்காலியின் பின்கால்கள் மெல்ல விரிவதை நான் பார்த்தேன். அந்த வரப்புகள் எதற்கு என்பது எனக்கு அப்போது விளங்கியது.

ஜெபமாலை முடிந்து மன்றாட்டு. ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்ல, எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். என் முறை வரும்போதெல்லாம் ரோஸ்லின் அக்கா என்னைத் தாண்டிப் போய்விடுவார். அன்று நான் தாண்டவிடவில்லை. என் வாயைத் திறந்தது நான்தானா என்று இன்றுவரை தெரியாது.

"ஆண்டவரே, இப்போது இங்கே உட்கார்ந்திருக்கும் அனைவரையும், குறிப்பாக என் கணவரை, நீர் கீழிருந்து தாங்கிக்கொள்ள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

எல்லாரும் மனமுருகி, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

படார்.

நாலு காலும் நாலு திசைக்குப் போயின. வீட்டுக்காரர் தரையில் இருந்தார், நாற்காலியின் கைகள் மட்டும் இன்னும் அவரைக் கட்டிப்பிடித்தபடி. பழக்கதோஷத்தில் ரோஸ்லின் அக்கா "ஆமென்" என்றார்.

வீட்டுக்காரரைத் தூக்கி ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிறுத்தினார்கள். அக்கா தன் பிள்ளையைத் தூக்கினார், அதாவது நாற்காலியை. கவிழ்த்துப் பார்த்தவர் முகம் மாறிற்று.

"இது ஒடிஞ்சதில்ல. வெட்டினதாக்கும்."

"எலியா இருக்கும்" என்றான் ஜஸ்டின்.

"ஏலே, எலி ஸ்கேல் வச்சா வெட்டும்? பாரு, என்ன நேரா இருக்கு!"

ஸ்கேல் என்றதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"நானாக்கும் வெட்டினேன்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடைத்த குழாய் திறந்த மாதிரி வந்துவிட்டது. ஆட்டுக்கல், வெடிப்பு, ஓட்டை, முக்கோணம், தண்ணீரில் மிதப்பது, மெழுகுதிரி மணம், கேன்வாஸ் எல்லாம் சொன்னேன். வாளி பிளாஸ்டிக் ஏன் ஒட்டாது என்பதைக் கையை வீசி விளக்கினேன்.

"அப்போ அன்னைக்குப் பாலியஸ்டர்னு சொன்னிய?" என்றார் அக்கா.

"பொய்க்கா."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "பிள்ளே, எங்க வீட்டு மொட்டைமாடி தண்ணித் தொட்டி வெடிச்சு கெடக்கு. அது என்ன எனம்?"

"கவுத்துப் பாருங்க, அடியில போட்டிருக்கும்."

"நிறைஞ்ச தொட்டிய எப்பிடி கவுக்க?"

ஜெபம் முற்றத்துக்கு இடம்பெயர்ந்தது. போன் வெளிச்சத்தில் எல்லாரும் பம்பரைச் சுற்றி நின்றார்கள். ஜஸ்டின் படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தான், பிறகு முழங்கையால் ஓங்கி ஓர் இடி கொடுத்தான். பம்பர் அசையவில்லை.

"நிக்குதேண்ணா!" என்றான். குரலில் துக்கம். அப்புறம் நினைவு வந்து, "ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமாக்கும். சாவி எனக்கு" என்றான்.

வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்தபடி தூணில் சாய்ந்திருந்தார். வலியிலும் மெக்கானிக் புத்தி விடவில்லை. "வெடிப்பு முடியுத எடத்துல ஓட்டை போடணும்னு ஒனக்கு யாருட்டி சொன்னா?" என்று கேட்டார். சுடிதாரைச் சொன்னேன். "வச்ச எடம் நிக்குது. எடுத்த எடம் என்னைக் கீழ போட்டுது" என்றார். "சாவி காரியம் நாளைக்குப் பேசுவோம்."

அன்பியத்துக்குப் பதில் நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். சிவப்பு கிடைக்கவில்லை, நீலம். இன்றும் சிவப்புக்கு நடுவில் அது ஒன்று மட்டும் நீலமாக வீடு வீடாகப் போகிறது. பெயர் பம்பர் கசேரை. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் நாற்காலி கிறீச்சென்றாலும் சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் சேர்ந்து, "கீழிருந்து தாங்கிக்கொள்ளும் ஆண்டவரே" என்பார்கள். வீட்டுக்காரர் எங்கே போனாலும் நாற்காலியைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பிற்பாடு எங்கள் மகள் வளர்ந்து, அவளுக்குக் கல்யாணம் பேசப் போன இடத்திலும் அப்படிச் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் அதை ஏதோ எங்கள் குடும்ப வழக்கம் என்று நினைத்து, தாங்களும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

அந்த ஜெபத்துக்கு மறுநாள் காலையில் அவரால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டியை நான் ஓட்டினேன்.