ஃபீட் ரீடர் கொண்டுவந்த சுனாமி

பதற்றக்காரன் கையில் செய்தியைக் கொடுக்கவே கூடாது. எனக்கோ ஃபீட் ரீடர் கிடைத்துவிட்டது.

சுனாமிக்குப் பிறகு, கிழக்குக் கரையிலுள்ள எங்கள் களுதாவளையில் அலை கொஞ்சம் சத்தமாக அடித்தாலே செய்தி தேட உட்கார்ந்துவிடுவேன். யுத்தச் செய்தி வேறு. நாள் முழுக்க ஒவ்வோர் இணையத்தளமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஃபீட் ரீடர் வந்ததும் அந்த ஓட்டம் நின்றது. வேண்டிய தளங்களைச் சேர்த்துவிட்டால் போதும், புதிதாக வருவதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்து விழும். (நான் சேர்த்ததில் பாதி நிலநடுக்கத் தளங்கள். மனுசனா நான்!)

யுத்தம் முடிந்த வருஷம் அக்காவுக்குச் செங்கலடியில் மாப்பிள்ளை பொருந்தியது. கட்டினால் அவரைத்தான் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். எங்கள் வீடோ கடலுக்குக் கூப்பிடு தூரம். மாப்பிள்ளையின் தாய்க்குக் கடலென்றாலே நடுக்கம். வீட்டைப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று மகனோடு வந்திருந்தார்.

"கடல் இவ்வளவு கிட்டவா இரிக்கு?" என்றார் மாமி. அம்மாவின் முகம் செத்துவிட்டது.

நான் மடிக்கணினியோடு பாய்ந்தேன். "பயப்படாதீங்க மாமி. கடல்ல என்னவும் எண்டா இது முதல்லயே சொல்லிரும்" என்று திறந்து காட்டினேன்.

சொல்லிற்று. உச்சியிலேயே, தடித்த எழுத்தில்: 'கிழக்குக் கரைக்குச் சுனாமி எச்சரிக்கை.'

"ஐயோ, ஓடுங்க!" என்று கத்திவிட்டு முதல் ஆளாக ஓடினேன். (மடிக்கணினியை மறக்கவில்லை. அம்மாவை மறந்துவிட்டேன்.) தெருவே என் பின்னால் ஓடிவந்தது.

பிரதான வீதியில் நின்று செய்தியைத் திறந்தால், பழைய தேதி! யாரோ தங்கள் தளத்தைப் புதுப்பித்ததில் பழசெல்லாம் புதுசாக வந்து விழுந்திருக்கிறது. ஊர் ஏசிய ஏச்சை எழுத முடியாது. அக்காவின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று மடிக்கணினியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

மாமி மூச்சிரைக்க அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றார்.

"என்ட மகனே என்னை விட்டுப்போட்டு ஓடிட்டான். இந்தப் புள்ளதான் கைய விடாம இழுத்துக்கொண்டு வந்தது. அவன் இஞ்சயே இரிக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பெட்டி மட்டும் வேணாம்."

சில வருஷங்களில் சனமெல்லாம் முகநூலுக்குப் போக, அந்த ஃபீட் ரீடர் சேவையையே மூடிவிட்டார்கள். நான் இழவு வீட்டுக்காரன் போலத் திரிந்தேன். மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

இன்றுவரை நான் வாய் திறந்தால் வீட்டில் முதலில் தேதிதான் கேட்பார்கள். எனக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து மாமிக்குப் போன் எடுத்து, "மாமி, மகள் பிறந்திருக்கா!" என்று அழுதேன்.

மறுபக்கம் மாமி கேட்டார்:

"தம்பி, இது இண்டைய செய்திதானே?"