பாட்டு வகுப்பை நிறுத்திப்போட்டேனுங்க மச்சான்

கணபதி, கோவை
மார்ச் 1961

உடுமலைப்பேட்டை மச்சான் திருமலைசாமி அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் சீனிவாசலு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், ராமாமணி, மகள் பங்காரம்மா மூவரும் சுகம். சுகம் என்று எழுதாவிட்டால் பதறிப்போவீர்கள், அதற்காக எழுதினேன்.

மில்லில் எனக்கு இந்த மாதமும் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து பாயில் சாய்ந்தால், ஏழு வயது மகள் தலைமாட்டில் சம்மணம் போட்டு ஸரிகமபதநி ஆரம்பித்துவிடுகிறாள். "கண்ணு, அப்பா தூங்கட்டும்" என்றால் குரலைத் தாழ்த்தி, அதையே இன்னும் மெதுவாக, இன்னும் நீளமாகப் பாடுகிறாள். பிள்ளைக்கு ஆசை என்று பொறுத்தேன். போன வாரம் கணக்கு ட்யூசன் டீச்சர் ராசம்மாள் ஊட்டுக்கே வந்து, "ஏனுங்க, பாப்பாவுக்கு ஒடம்பு தேவலையா?" என்று கேட்கிறார். விசாரித்தால், ட்யூசனுக்கென்று கிளம்புகிற மகள், அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிற வாத்தியார் ரங்கராஜ் ஊட்டுக்குப் போய், பெரிய பிள்ளைகளுக்கு நடக்கிற பாடத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அதாவது போகட்டும். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் இவள்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள் மச்சான், நான் தூங்காமக்கூடப் போயி நின்னேன். அந்நேரம் பார்த்து ரோட்டில் கல்யாண ஊர்வலம், நாதசுரம். பாதியிலேயே நின்று தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டாள், மத்த பிள்ளைக எல்லாம் தாண்டிப் போயிருச்சு. "ஏங் கண்ணு நின்னுபோட்டே?" என்றால், "ஆதி தாளமுங்கப்பா, பாதியில உட்டுட்டு எப்படி ஓடறது?" என்கிறாள்! மறுநாள் ஹெட்மிஸ்டிரஸ் ஏழாம் வாய்ப்பாடு கேட்டிருக்கிறார். ராகம் போட்டுப் பாடி, ஏழெட்டில் தட்டிப்போய், திரும்ப முதலிலிருந்து எடுத்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பி, இப்படியே போனால் இந்த வருசம் பாஸ் போட முடியாதென்றார்.

எனக்கு ஓய்ஞ்சு போச்சுங்க. பரீட்சை முடியும் வரை பாட்டு கிடையாது என்று வாத்தியாரிடம் சொல்லிப்போட்டேன். உங்கள் தங்கை, "உங்க தூக்கத்துக்குப் புள்ள வாயக் கட்டறீங்களா?" என்று அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகள் அழவில்லை. "சரிங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். நீங்கள் வந்து முழுப்பரீட்சை லீவுக்கு அவளை உங்கள் தோப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே பாட்டு வாத்தியார் யாரும் இல்லையே, மறந்துவிடுவாள்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. தென்னையெல்லாம் நன்றாகப் பாளை விடட்டும், கிணறு ஊறிக்கொண்டே இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சீனிவாசலு

பின்குறிப்பு: கவரை ஒட்டியபிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று காலை ஷிப்ட் முடிந்து வந்து படுத்தேன். ஊடு அப்படி ஒரு அமைதி. புரண்டு புரண்டு படுத்தும் கண் மூடவில்லை. "ஒரே ஒரு ஸரிகம வரிசை பாடு கண்ணு" என்று நானே கேட்டேன் மச்சான். "கணக்கு இருக்குதுங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சிலேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எழுந்து, சட்டைகூட மாற்றாமல் நேராக ரங்கராஜ் வாத்தியார் ஊட்டுக்குப் போய், இன்றைக்கே வந்து மறுபடி பாட்டுச் சொல்லித்தரச் சொல்லிவிட்டு வந்தேன். ஆகையால், உடுமலையில் நல்ல பாட்டு வாத்தியார் கிடைத்தால் மட்டும் வந்து கூட்டிப்போங்க. கிடைக்காட்டி தயவுசெஞ்சு வந்துபோடாதீங்க.