தூளி கட்டிய தோள்

தப்பான சொல்லைச் சொல்லி மானம் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எனக்குச் சரியான சொல்லைச் சொல்லிப் போனது. அதுவும் நான் தமிழாசிரியை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்பவர்கள். பி.எட். முடித்துப் பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியில் சேர்ந்த அன்றே, இனி என் வாயில் ஆங்கிலச் சொல் வராது என்று முடிவெடுத்தேன். பஸ் என்றால் பேருந்து, காபி என்றால் குளம்பி. (டீக்கடையில் போய்க் குளம்பி கேட்டேன். “குழம்பு மதியம்தாம்மா” என்றார் கடைக்காரர்.)

தோள் கதை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனவள், உப்பளத்து வரப்பில் வழுக்கி விழுந்தேன். தூக்குவாளி கவிழாமல் இருக்கக் கையை நீட்டினேன். வாளி பிழைத்தது, வலது தோள் மூட்டு கழன்றது. கட்டு வைத்தியர் அதை உள்ளே தள்ளி எண்ணெய்க் கட்டுப் போட்டார். ஆனால் வெளியே வரும் வழி அந்த மூட்டுக்குத் தெரிந்துவிட்டது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்தால் கழலும். கொடியில் துணி போட்டால் கழலும். கடைசியாக ஏழாம் வகுப்பில், கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதும்போது கழன்றது. கையை இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். “மிஸ்ஸுக்கு சாமி வந்துடுச்சுடி” என்றாள் முதல் பெஞ்சு மாணவி.

தலைமையாசிரியை நல்லவர்தான். ஆனாலும் சொன்னார்: “கையைச் சரி பண்ணிக்கிட்டு வாங்கம்மா. போர்டுல எழுத முடியாத டீச்சரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். மூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் விளிம்பு கிழிந்திருக்கிறது என்றார். முதலில் பயிற்சி செய்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அந்தப் பயிற்சியிலும் ஒருமுறை கழன்றது. “இந்த வயசுல இத்தனை தடவை கழண்ட மூட்டு மறுபடியும் கழலத்தான் பாக்கும். ஆபரேஷன் பண்ணிக்கிறது நல்லது. ஆனா முடிவு உங்களோடது” என்றார். சுண்ணக்கட்டி பிடிக்கிற கை அது. அந்தக் கை போனால் எங்கள் வீட்டின் மொத்தப் படிப்பும் போன மாதிரி. நான் தலையாட்டினேன்.

அப்பா மட்டும், “மழை வரட்டும் சார்” என்றார்.

“மழைக்கும் தோளுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“மழை வந்தாதாங்க உப்பளத்துல வேலை இருக்காது. அப்பதான் இவங்கம்மா வீட்ல இருப்பா. இல்லைன்னா இவளுக்கு யாரு தலை வாரி விடுறது?”

டாக்டர் யோசித்துவிட்டு ஐப்பசியில் தேதி கொடுத்தார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆபரேஷன் என்ற பேச்சே வெளியில் போகக் கூடாது. கல்யாணம் ஆகாத பெண், கையில் கோளாறு என்று தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது கை மரத்துப்போய், வேறு யாருடையதோ போல நெஞ்சின் மேல் கிடந்தது. கழுத்திலிருந்து ஒரு பட்டையில் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். டாக்டர் ‘ஸ்லிங்’ என்றார். நர்ஸ் ‘பெல்ட்டு’ என்றார். எங்கள் ஊரே ‘பெல்ட்டு’ என்றுதான் சொல்லும். நான் மட்டும் யோசித்துத் ‘தூளி’ என்று பெயர் வைத்தேன். கையைத் துணியில் தொங்கவிட்டிருக்கிறது, வேறு என்ன பெயர்?

வீட்டுக்கு வந்த மறுநாள் அனுமந்தையிலிருந்து பெரியம்மா போன் செய்தார். பேரனின் காதுகுத்துக்கு நாங்கள் போகவில்லை என்று கோபம்.

“ஏண்டி யாரும் வரல?”

“உடம்பு முடியல பெரியம்மா. தூளி கட்டியிருக்கு.”

“தூளியா? வீட்லயா?”

“ஆமா. ஆறு வாரத்துக்கு இப்படித்தானாம். ராத்திரில தூக்கமே இல்ல. பக்கத்துல தலகாணி வச்சு உக்காந்தபடியே கண்ணை மூடுறேன்.”

“எங்கடி ஆச்சு?”

“பாண்டிச்சேரில.”

“எங்க யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லலயே.”

“அம்மாதான் வேணான்னாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கன்னு.”

பெரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “சரி, இதுக்கெல்லாம் யாருடி காரணம்?”

“யாரும் இல்ல பெரியம்மா. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கிட்டுப் போனேன்ல, உப்பளத்து வரப்புல ஆனது.”

போன் துண்டிக்கப்பட்டது. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (இரண்டு பட்டம் வாங்கிய மூளை.)

மறுநாள் காலையில் மழையில் நனைந்தபடி பெரியம்மா வந்து நின்றார். ஒரு பையில் பால் சுறா, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுக்கிற மீன். இன்னொரு பையில் பூண்டு, வசம்பு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய புடவைகள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கைக்கு அடியில் தலையணை, குளிருக்கு மேலே ஒரு துப்பட்டா. பெரியம்மா சத்தமில்லாமல் கிட்டே வந்து குனிந்து, துப்பட்டாவின் ஓரத்தை மெதுவாக விலக்கிப் பார்த்தார்.

உள்ளே என் முழங்கை இருந்தது.

“எங்கடி?” என்றார்.

“எது பெரியம்மா?”

“குழந்தை.”

அடுப்படியில் அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா முதலில் தன் அக்காவைத் திட்டினார், பிறகு என்னைத் திட்டினார். கடைசியில், “பெல்ட்டுன்னு சொன்னா உன் படிப்பு குறைஞ்சுடுமா?” என்று கேட்டார்.

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ராவெல்லாம் அழுதேன். விடிஞ்சதும் கரைக்குப் போயி சுறா வாங்கினேன். என்ன ஆனாலும் நம்ம பொண்ணுதானே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை, கரண்டியை இடது கையில் பிடித்துப் பாதி சோற்றைத் தரையில் சிந்திக்கொண்டு, யாரையும் ஊட்ட விடாமல் வீம்பாக இருந்தேன். அன்று பெரியம்மா சுறாப் புட்டு கிளறி ஊட்டினார். வாயைத் திறந்தேன்.

தோள் தேறுவது சுவாரசியமான விஷயம் இல்லை. தூளி கழன்ற பிறகுதான் நிஜமான வேலை. கை துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது. குனிந்துகொண்டு கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். விரல்களைச் சுவரில் எறும்பு மாதிரி ஏற்ற வேண்டும். ஒரு வாரம் ஏறும், மறு வாரம் அதே இடத்தில் நிற்கும். ஜாக்கெட்டின் கொக்கியை நானே போட்ட அன்று அழுதேன். பெரியம்மா போன் செய்யும்போதெல்லாம் தோளைப் பற்றி ஒரே கேள்விதான்: “புள்ள எப்படி இருக்குது?” அம்மாவும் பழகிவிட்டார். “நேத்து ராத்திரி படுத்திடுச்சுக்கா. இப்பதான் அடங்கியிருக்குது.” பள்ளிக்குத் திரும்பியபோது பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். மேல் ஓரத்துக்கு அடுத்த கல்வியாண்டு ஆகிவிட்டது.

போன தை மாதம் பெருமுக்கல் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பையனின் அம்மா காபி குடித்துக்கொண்டே, “பொண்ணு எப்படி?” என்று பெரியம்மாவைக் கேட்டார்.

“பொண்ணு தங்கம்ங்க” என்றார் பெரியம்மா, பழக்க தோஷத்தில். “மழைக்காலத்துலதான் புள்ள கொஞ்சம் அழுவும். மத்தபடி ஒரு தொந்தரவும் இல்ல.”

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். “எந்தப் புள்ள?”

ஆபரேஷன் என்ற சொல்லையே வெளியில் விடாத என் அம்மா, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். விழுந்தது, கழன்றது, கிழிந்தது, தைத்தது. ஸ்கேன் படத்தை எடுத்து வந்து காட்டினார். தழும்பைப் பார்க்க வேண்டுமானால் பெண்கள் மட்டும் உள்ளே வரலாம் என்றார்.

அதுவரை வாயே திறக்காத பையன் என்னைப் பார்த்துக் கேட்டார்: “இப்ப கை முழுசா மேல வருதுங்களா?”

தூக்கினேன். காதை ஒட்டி நேராக நின்றது.

மறுநாள் அவருடைய அம்மா போன் செய்தார். “எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க” என்றார். “பொண்ணையும் புள்ளையையும் சேத்தே அனுப்பி வையுங்க.”